சாகவென்று ஊருக்கு வந்தவர்

என் ஐயா ஐம்பத்தாறாம் ஆண்டு மாத்தறையிலிருந்து ஊருக்கு வந்தது சாவதற்காக. பகிடிக்குச் சொல்லவில்லை. அவரே கடிதம் எழுதி அறிவித்துவிட்டுத்தான் வந்தார். "சாதகப்படி எனக்கு இந்த மார்கழி தாண்டாது. கடையைத் தங்கச்சி மகனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வெள்ளை அடித்து வைக்கவும்" என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார். செத்தவீட்டுக்கு நாலு சனம் வரும்போது சுவர் அழுக்காக இருக்கக்கூடாதாம். வியாபாரி அல்லவா! சரக்கு வந்து இறங்க முதல் கடையைக் கூட்டித் துடைக்கிற பழக்கம் எங்கே போகும்?

அந்த மனிதர் கடைசியில் செத்தது எண்பத்திரண்டில். இருபத்தாறு வருஷம் பிந்திவிட்டார். காரைநகர் மோட்டார்ப் படகுகூட அவ்வளவு பிந்தியதில்லை. அந்த இருபத்தாறு வருஷத்தில் நான் அவரோடு பிடித்த சண்டைக்கும் அளவில்லை, அவரில் வைத்த உயிருக்கும் அளவில்லை.

எங்கள் ஊருக்குப் பெயர் சுருவில், தீவுக் கிராமம். ஐயா மீசை முளைக்க முதலே மாத்தறைக்குப் போனவர். தீவாருக்கு அது வழக்கம்தான். பெண்சாதி பிள்ளைகள் ஊரில், ஆம்பிளைகள் தெற்கில் கடையில். வருஷத்துக்கு இரண்டு தரம், சித்திரைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள். எனக்குப் பத்தொன்பது வயதாகும்வரை ஐயாவை நான் கண்ட நாட்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருஷம் தேறாது. அவர் வந்தால் வீடு முழுக்கச் சுருட்டு மணக்கும். பெட்டியைத் திறந்தால் தொதல் என்ற தெற்கத்தி இனிப்பு இருக்கும். நாங்கள் தொதலைத் தின்று முடிக்கும்போது அவரும் போய்விடுவார்.

அவருடையது சுருட்டுக் கடை. சுருட்டோடு தேயிலை, குடை, சாம்பிராணி, மண்ணெண்ணெய் எல்லாம் இருக்கும். கடையில் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்பது அந்தக் காலத்து வியாபாரிகளின் சட்டம். ஐயா அதைச் சாகிற நாள்வரை காத்தார். குடை முடிந்துபோயிருந்தால் "குடை வருகுது" என்பார். மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் கிடவாது, "நாளைக்குப் புது எண்ணெயாய்க் கொண்டு போங்கோ" என்பார். வீட்டிலும் அதே கதைதான். "ஐயா, காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்று கேட்டால், "விட்டுக்கொண்டு வருகுது" என்பார். தொட்டுப் பார்த்தால் கை சுடும்.

ஐம்பத்தாறு ஐப்பசியில் அவர் காரைநகரிலிருந்து படகில் வந்து ஊர்காவற்றுறையில் இறங்கியபோது கூடவே மூன்று றங்குப் பெட்டிகள் இறங்கின. ஆசையோடு திறந்தோம். தொதல் ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணி ஒரு கட்டு, சந்தனக் கட்டை, கற்பூரம், சாம்பிராணி, இரண்டு பெரிய தகரத்தில் நெய். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"என்ன பாக்கிறாய்? எல்லாம் என்ர செத்தவீட்டுச் சாமான். மொத்த விலைக்கு எடுத்தனான். இஞ்சை வாங்கினால் அறா விலை சொல்லுவாங்கள்" என்றார் ஐயா. அவருடைய முகத்தில் பயமே இல்லை. நல்ல சரக்கு மலிவாகக் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

பயம் எனக்குத்தான் வந்தது. அதற்கு வேறு காரணம் இருந்தது. அந்தக் கிழமைதான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது, தை மாதம் வந்து சேரும்படி. எங்கள் குறிச்சியில் அப்படி ஒரு கடிதம் வந்த முதல் பெட்டை நான். நாலாம் வகுப்பிலிருந்து எனக்கு ரீச்சர் ஆகவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. கோழிகளை வரிசையாக விட்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான். கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். குளிக்கும்போது மட்டும்தான் வெளியே எடுத்தேன்.

ஐயா கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். "நல்லது பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் நான் கண்ணை மூடமுதல் உன்ர கழுத்தில தாலியைப் பாத்திடவேணும். எனக்கு மிச்சம் கிடக்கிறது அது ஒண்டுதான்" என்றார்.

"படிச்சு முடிச்சிட்டுக் கட்டுறன் ஐயா. ரெண்டே ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷத்துக்கு நான் எங்கை பிள்ளை போறது? எனக்கு ரெண்டு மாசம் கிடக்கோ தெரியேல்லை."

சொல்லிவிட்டு அழுதார். ஒரு ஆம்பிளை விக்கி விக்கி அழுததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அதுவும் வருஷத்துக்கு இரண்டு தரம் தொதலோடு வந்து சிரித்துவிட்டுப் போகிற மனிதர். நான் என்ன செய்ய? தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிவிட்டுப் போய்க் கிணற்றடியில் இருந்து அழுதேன்.

நாற்பது நாளுக்குள் கலியாணம். மாப்பிள்ளை ஊர்காவற்றுறைத் தபாற் கந்தோரில் கிளாக்கர். அவருடைய முகத்தை நான் மணவறையில்தான் முதல் தரம் சரியாகப் பார்த்தேன், அதுவும் ஓமப் புகைக்குள்ளால். அந்த ஓமத்துக்கு ஊற்றியது எந்த நெய் என்று நினைக்கிறீர்கள்? செத்தவீட்டுக்கென்று மாத்தறையிலிருந்து வந்த நெய். "நல்ல நெய், வீணாக்கக்கூடாது. எனக்கு ஒரு தகரம் போதும்" என்று ஐயாவே எடுத்துக் கொடுத்தார். என்னோடு படித்தவளுகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மார்கழிக் கடைசிப் புதன்தான் சாதகம் பார்த்த சாத்திரியார் ஐயாவின் சாவுக்குக் குறித்துக் கொடுத்த நாள். வேலணையிலிருந்து சொந்தக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஐயா முழுகி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக் கட்டிலில் நேராகப் படுத்துக்கொண்டார். சுற்றிவர இருந்து ஒருவர் தேவாரம் படித்தார். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி, பத்து மணி. பதினொரு மணிபோல ஐயா ஒரு கண்ணைத் திறந்தார்.

"இஞ்சை, அந்த ஒடியற்கூழ் மணம் எங்கையிருந்து வருகுது?"

வந்த சனத்துக்கென்று குசினியில் பனங்கிழங்கு மாவும் நண்டும் போட்டுப் பானை நிறையக் கூழ் காய்ச்சியிருந்தோம். ஐயா எழும்பி இருந்து பனையோலைப் பிளாவில் மூன்று தரம் வாங்கிக் குடித்தார். நண்டுக் காலைச் சூப்பினார். பிறகு வெட்கத்தோடு மறுபடியும் படுத்தார். பொழுதும் பட்டது. சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு எழும்பிப் போனது.

தை பிறந்தது. கல்லூரியில் பெட்டைகள் போய்ச் சேர்ந்த நாளில் நான் ஊர்காவற்றுறையில் புருஷனுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ஐயாவோ சுருவில் ஒழுங்கையில் உலாத்திக்கொண்டிருந்தார். காண்கிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணை, இன்னும் நிக்கிறியளோ?" என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்ர கல்லூரியைத் திண்டுபோட்டு இவர் கூழ் குடிக்கிறார்!" என்று அம்மாவிடம் கத்தினேன். தகப்பன் சாகவில்லையே என்று கோபப்படுகிற மகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

சும்மா இருக்க அவருக்கு ஏலாது. பங்குனி முடிய முதல், ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டின் முன் விறாந்தையை மறித்துக் கடை போட்டார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். துறைமுகத்துக்குப் போகிற தெரு அது. படகுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஐயாவின் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். சுருட்டு, வெற்றிலை, கயிறு, சீனி என்று தொடங்கி ஒரு வருஷத்தில் கூரையில் வாளியும் குடையும் தொங்கின. மிச்சமிருந்த வெள்ளைத் துணியையும் சாம்பிராணியையும்கூட விற்றுவிட்டார். "எனக்குத் தேவைப்படும்போது புதுசாய் எடுப்பம்" என்றார்.

ஆனால் சாகிற பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. ஒரு தடிமன் காய்ச்சல் வந்தால் போதும், "தம்பி, இந்தமுறை தப்பமாட்டன். தந்தி அடியும்" என்று என் புருஷனுக்கு ஆணை போடுவார். என் புருஷனோ வாய் பேசாத மனிதர். போய்த் தந்தி அடிப்பார். கொழும்பிலும் காலியிலும் கடை வைத்திருந்த என் அண்ணன்மார் இருவரும் அடித்துப் பிடித்து ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் ஐயா கடையில் இருந்து கடதாசியில் சீனிச் சரை சுற்றிக்கொண்டிருப்பார். மூன்றாம் முறை பெரியண்ணை என் புருஷனைப் பிடித்து, "மச்சான், இனிமேல் ஐயா செத்தபிறகு தந்தி அடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயா அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

இதற்கிடையில் ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் மாத்தறைக் கடை எரிந்துபோனது. அதைப் பொறுப்பெடுத்திருந்த மச்சான், ஐயாவின் தங்கச்சி மகன், உடுத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார்.  ஐயா அடுத்த நாள் விடிய வழக்கம்போலக் கடையைத் திறந்தார்.

அம்மா அறுபத்துமூன்றில் கண்ணை மூடினார். அவருடைய பெட்டகத்தை ஒதுக்கும்போதுதான் அந்த ஓலை எனக்கு அகப்பட்டது. சாதக ஓலை. ஐயாவின் சாதகம் அலுமாரியில் இருந்தது எனக்குத் தெரியும், அதில் விஜய வருஷம் என்று இருக்கும். இதில் மன்மத வருஷம் என்று இருந்தது. யாருடையது? ஐயாவைக் கேட்டேன், தெரியாது. வேலணையில் ஐயாவின் தமக்கை இருந்தா. எண்பது வயது, பல் ஒன்றும் இல்லை, ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. ஓலைகள் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அடியே, விஜய வருஷம் பிறந்தது கொப்பருக்கு மூத்தது. அது மூண்டு மாசத்தில செத்துப்போச்சு. உன்ர ஐயா மன்மத வருஷ மாரிக்கை பிறந்தவர். ரெண்டு ஓலையும் ஒரு பெட்டியுக்கை கிடந்தது" என்றா மாமி. வெற்றிலையை இடித்துக்கொண்டே சொன்னா, ஏதோ கத்தரிக்காய் விலை சொல்வதுபோல.

விளங்குகிறதா? சாத்திரியார் வாசித்தது செத்துப்போன பிள்ளையின் ஓலையை! மூன்று மாசத்தில் செத்த பிள்ளைக்கு அறுபத்துமூன்று வயதில் கண்டம் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார் மகராசன். அம்மாவுக்கும் ஐயாவுக்கும் பொருத்தம் பார்த்ததும் அதே ஓலையை வைத்துத்தான். அம்மா கட்டியது யாரை என்பதே கேள்வியாகப் போனது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பஸ்ஸால் இறங்கி நேரே கடைக்குப் போனேன்.

கடையில் நாலைந்து பேர் படகுக்கு நின்றார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஓலைகள் இரண்டையும் மேசையில் எறிந்தேன்.

"கண்டறியாத ஓலை! இந்தா, இந்த விஜய வருஷத்து ஓலை உங்கட இல்லையாம். செத்த குழந்தைப்பிள்ளையின்ர ஓலையாம். இதுக்காகத்தானே அண்டைக்கு என்னை மறிச்சனீங்கள்? இப்ப நான் பன்னிரண்டு பிள்ளையளுக்குப் படிப்பிச்ச அனுபவத்தோடை ஒரு பள்ளிக்கூடத்தில இருந்திருப்பன். சரை சுத்திக்கொண்டு இருந்திருக்கமாட்டன்!"

பன்னிரண்டு பிள்ளை என்று ஏன் சொன்னேனோ தெரியாது. வாயில் வந்தது. வந்தவர்கள் மெல்லக் கழன்றார்கள். என் புருஷன் மட்டும் துணிந்து, "அந்த ஓலை இல்லாட்டில் மாமா ஐம்பத்தெட்டில மாத்தறையில நிண்டிருப்பார். அதையும் ஒருக்கா யோசியும்" என்றார்.

"அப்ப அவருக்கு லாபம், எனக்கு மட்டும் நட்டமோ?" என்று கேட்டேன். 

 ஐயா இரண்டு ஓலைகளையும் எடுத்துத் துடைத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனம் கேட்கவில்லை. "சரி, மற்ற ஓலையையும் ஒருக்கா வாசிப்பிச்சுப் பாப்பம். உங்களுக்கு எப்ப எண்டாவது தெரியும்" என்று சமாதானத்துக்குப் போனேன்.

"வேண்டாம் பிள்ளை. வாசிச்சால் நான் திரும்பவும் ஆயத்தப்படவேணும். பிறகு ஆருடைய அலுவல் குழம்புமோ" என்றார்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கடையைப் பூட்டினார். வியாபார நேரத்தில் அவர் கடை பூட்டியதை ஊர்காவற்றுறை அன்றைக்குத்தான் கண்டது. குடையை எடுத்துக்கொண்டு நேரே ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரிடம் போனார். அந்த மனிதர் ஐயாவின் சுருட்டு இல்லாமல் ஒரு பாடமும் எடுக்கமாட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, "படிப்பிக்க ஆக்கள் காணாதாம். முதல்ல உதவி ஆசிரியையாய்ச் சேரலாமாம். ரெண்டு மூண்டு வருஷத்தில கல்லூரிக்கு விடுவினமாம். நாளைக்கு விண்ணப்பம் எழுது" என்றார்.

"என்ன விசர்க் கதை ஐயா? மூண்டு பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"நான் எங்கையும் போறனோ?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். முப்பது தாண்டியபிறகு கல்லூரிக் கடிதம் இரண்டாம் முறை வந்தது. ஐயா அதைக் கடையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே செருகி வைத்து, சுருட்டு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். இரண்டு வருஷம் நான் விடுதியில். திங்கள் விடியப் போய் வெள்ளி பின்னேரம் வருவேன். பிள்ளைகள் கடைக்குள் வளர்ந்தார்கள். சின்னவன் சீனிச் சாக்கில் நித்திரை கொண்டான். சமையல் ஐயாதான். தெற்கில் கடை வைத்திருந்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் சமைக்கத் தெரியும், ஊரில் வந்து ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை. ஐயா வெட்கப்படாமல் குசினிக்குள் புகுந்து கொறுக்காய்ப் புளி போட்டு மாத்தறை மாதிரி மீன் ஆக்கினார். பிள்ளைகளுக்கு என்னுடைய கறி அதற்குப் பிறகு பிடிக்கவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை நான் பிந்திவிட்டேன். துறைமுகத்துக்குப் போனபோது படகு கட்டை விட்டுக் கழன்றுவிட்டது. எனக்கு முன்னால் ஐயா ஓடினார், எழுபத்திரண்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "எடேய், மறியடா படகை! என்ர பிள்ளைக்குச் சோதினை!" என்று போட்ட சத்தத்தில் படகு திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு பரீட்சையும் இல்லை. நான் ஏறி இருந்து திரும்பிப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு கையை ஆட்டினார். அந்த நிமிஷம் அவரோடு இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. போய்விட்டது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சண்டை பிடிக்க ஏதாவது வேண்டும்தானே.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம். சரியான ஓலைப்படி ஐயாவுக்கு எண்பத்தாறு நடந்தது. கடையை அப்போதும் அவர்தான் திறப்பார். என் புருஷன் பென்சன் எடுத்து மாமனாரோடு கடையில் நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்ப்பதாக இருந்தது. இரண்டு கிழமையாக ஆயத்தம். ஐயா பழைய கலண்டர்களில் இருந்து பூவும் பறவையும் கத்தரித்துத் தர, நான் மட்டையில் ஒட்டினேன். அதிகாரி எந்த வாசலால் வருவார் என்பதுவரை ஐயா கேட்டு வைத்திருந்தார்.

அன்றைக்கு விடியத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கடை திறந்திருந்தது. ஐயா கதிரையில் சாய்ந்து இருந்தார். சுருட்டு பற்றவைக்கவில்லை.

"என்ன ஐயா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"ஒண்டும் இல்லை. நீ வெளிக்கிடு, பிந்தப்போறாய். சீலைத் தலைப்பு சரியில்லை, இழுத்து விடு."

சீலையை இழுத்து விட்டுக்கொண்டு ஓடினேன். 'இல்லை' என்று ஐயா சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மட்டைகள் கசங்கிவிடும் என்ற கவலையில் அது என் காதில் ஏறவில்லை.

பாடம் நன்றாகப் போனது. அதிகாரி பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருந்து முழுவதும் பார்த்தார். ஐயா கத்தரித்த மீன்கொத்தியைத் தூக்கிக் காட்டி ஒரு சின்னப் பெட்டை மளமளவென்று பேசினாள். "நல்ல பாடம் ரீச்சர்" என்றார் அதிகாரி. இதைப் போய் ஐயாவிடம் எப்படிச் சொல்லுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஒன்றரை மணிக்கு மணி அடிக்க வெளியே வந்தேன்.

வேம்புக்குக் கீழே என் புருஷன் சைக்கிளோடு நின்றார். பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு நாளும் வராத மனிதர். சேட்டு வேர்வையில் ஊறிப்போயிருந்தது.

"ஐயாவோ?" என்றேன்.

தலையை ஆட்டினார். "பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி. நித்திரையில போனமாதிரிப் போனவர். பிள்ளையள் பக்கத்தில இருக்கினம்."

"நீங்கள் எப்ப இஞ்சை வந்தனீங்கள்?"

"அப்பவே வந்திட்டன்."

ஒன்றரை மணித்தியாலம்! நான் உள்ளே மீன்கொத்தியைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் இந்த வெயிலுக்குள் நின்றிருக்கிறார். "உங்களுக்கு விசரோ? உள்ளுக்கு வந்து கூப்பிட்டால் என்ன? என்ர ஐயாவெல்லோ!" என்று தெருவில் நின்று கத்தினேன். பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "நீர் போனவுடனே என்னைக் கூப்பிட்டவர். 'தம்பி, இண்டைக்கு மெய்யாய்த்தான். தந்தி ஒண்டும் இப்ப அடியாதையும்' எண்டு சிரிச்சவர். பிறகு என்ர கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினவர். 'மணி அடிக்கும்வரைக்கும் அவளுக்குச் சொல்லப்படாது. சாகப்போறன் எண்டு சொல்லி அவளை நான் ஒருக்கா மறிச்சது போதும்' எண்டு."

நான் சைக்கிள் கரியரில் ஏறி இருந்தேன். மட்டைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அதிகாரி நல்ல பாடம் என்று சொன்னதை, வீடு வரும்வரை ஐயாவுக்குச் சொல்லிச் சொல்லி அழுதேன்.